128 போதுமா, 256 வேணுமா: பழைய போனை வைத்து ஒரு கணக்கு

எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு சூடு பிடிப்பது நடுச்சாமத்துக்கு மேல்தான். போன கொடைக்கு, சுடலை கைலாயத்தை விட்டுப் பூலோகம் இறங்கும் கட்டத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் போன் தானாக நின்றது. இடம் இல்லை என்று திரையில் ஒரு வரி. பக்கத்தில் நின்ற அக்கா மகன் எட்டிப் பார்த்துவிட்டு, "64 ஜிபியா மாமா? இத வச்சிக்கிட்டா வில்லு எடுக்க வந்திய?" என்றான்.

அந்தப் போனை வாங்கியபோது 128 ஜிபி வகை 1,500 ரூபாய் கூடுதலாக இருந்தது. மிச்சம் பிடித்தேன். அதன்பிறகு மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து எதையாவது அழித்துக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டில் யார் போன் வாங்கினாலும் "எத்தனை ஜிபி எடுக்க?" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் பதிலுக்கு, அவர்கள் கையில் இருக்கும் பழைய போனைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். விடை அதற்குள்தான் இருக்கிறது. நெல் கொட்டி வைக்கும் குலுக்கை செய்கிறவர்கூட வயல் எவ்வளவு, நெல் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தானே மண்ணைக் குழைப்பார்.

முதலில், பழைய போனைத் திறந்து நாலு எண்களை எழுதுங்கள்

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ். ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அப்புறம் ஐபோன் ஸ்டோரேஜ். சிஸ்டம் எவ்வளவு, ஆப்கள் எவ்வளவு, படமும் வீடியோவும் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். நாலாவது எண் வாட்ஸாப். ஆண்ட்ராய்டில் இது ஒளிந்துகொள்ளும். வாட்ஸாப்பில் வந்த வீடியோவை போன் 'வீடியோ' கணக்கிலும், வந்த படத்தை 'படம்' கணக்கிலும் சேர்த்துவிடுவதால், வாட்ஸாப் ஆப் என்னவோ சின்னதாகத் தெரியும். அதனால் வாட்ஸாப்புக்குள்ளேயே போய், செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதற்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பாருங்கள். அங்கே வரும் எண்தான் சரி. அதைப் படம், வீடியோ கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே பொருளை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

என் அம்மாவின் போனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். "ஏய்யா, இது என்னமோ நெறஞ்சி போச்சின்னு சொல்லிக்கிட்டே இருக்கு" என்று கையில் கொடுத்தார். 64 ஜிபி போன், வாங்கி மூன்று வருஷம். சிஸ்டம் 18 ஜிபி, ஆப்கள் 8, அம்மா தானாக எடுத்த படங்கள் 5, வாட்ஸாப் 21. ஆக 52. அந்த 21 ஜிபியில் முக்கால்வாசி காலை வணக்கப் பூக்களும், சமையல் வீடியோக்களும், மூன்று வெவ்வேறு குடும்பக் குழுக்களில் வந்த ஒரே கல்யாண ஆல்பமும். வேண்டாததை ஒரு மணி நேரம் உட்கார்ந்து அழித்ததில் 21 என்பது 6 ஆனது.

இதிலேயே சிலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். போன் நன்றாக ஓடுகிறது, இடம்தான் இல்லை என்றால், புதுப் போன் வாங்கும் முன் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்துப் பாருங்கள். வாட்ஸாப்பில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்தால் இடம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. கேலரியில் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, உள்ளே இருந்த இடத்திலேயே இருக்கும்.

அட்டையில் போட்ட எண் முழுவதும் உங்களுக்கு இல்லை

128 ஜிபி என்று எழுதியிருந்தாலும் அதில் சிஸ்டம் 15 முதல் 25 ஜிபி வரை பிடித்துக்கொள்ளும். தேவையில்லாத ஆப்களை நிறையத் திணித்து அனுப்பும் போன்களில் இது 30ஐத் தொடும். கம்பெனிகள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுவதும், சில மென்பொருள்கள் 1,024இன் மடங்கில் கணக்கிடுவதும் வேறு ஒரு குழப்பம். அதனால்தான் 128 ஜிபியைச் சில இடங்களில் 119 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, பயப்பட வேண்டாம்.

கடைசி பத்து சதவீதத்தையும் மறந்துவிடுங்கள். போனுக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. அதில் பழையதன் மேலேயே நேராகப் புதிதை எழுத முடியாது. ஒரு தொகுதியை மொத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் எழுத வேண்டும். துடைத்த இடம் கையிருப்பில் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் அங்கிருந்து இங்கே மாற்றி, துடைத்து, பிறகு எழுதும். நிறைந்த போன் நத்தையாக ஊர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சிஸ்டம் அப்டேட் இறங்கவும் சில ஜிபி காலியாக வேண்டும்.

ஆக, 128 என்றால் உங்கள் பொருள்களுக்கு சுமார் 90. 256 என்றால் 200க்குக் கொஞ்சம் மேல். 64 என்றால் 35 கிடைத்தால் பெரிசு. பொதுவாக நான் இன்னதை வாங்காதே என்று யாரையும் தடுப்பதில்லை. 64ஐ மட்டும் தடுத்துவிடுவேன்.

ஒரு வருஷத்துக்கு எவ்வளவு சேர்கிறது?

இதுதான் கணக்கின் முதுகெலும்பு. படம், வீடியோ, வாட்ஸாப் மூன்றையும் கூட்டி, போன் வாங்கி எத்தனை வருஷமோ அதால் வகுங்கள். அம்மாவுக்கு 26ஐ மூன்றால் வகுத்தால் வருஷத்துக்கு 9 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. 9 என்றே வைத்துக்கொள்வோம். சுத்தம் செய்யும் முன் இருந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும், கவனம். நடுவில் இடமில்லாமல் நீங்கள் அழித்திருந்தால் அதையும் உத்தேசமாகச் சேருங்கள்.

அப்புறம் புதுப் போனை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? நாலு என்று வைப்போம். அம்மாவின் கணக்கு: சிஸ்டம் 22, ஆப்கள் வளரும் என்பதால் 12, பழைய போனிலிருந்து கொண்டுவருவது 11, நாலு வருஷ வளர்ச்சி 36. மொத்தம் 81. பத்து சதவீதம் ஒதுக்கிய 128 ஜிபியில் 115 இருக்கிறது. தாராளம். கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் அம்மாவுக்கு 256 தேவையில்லை.

கணக்கைக் கவிழ்ப்பது வீடியோ

படங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சாதாரணமாக எடுக்கும் ஒரு படம் 3 முதல் 5 எம்பி. ஆயிரம் படம் எடுத்தாலும் 5 ஜிபிதான். கேமராவில் 50 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும், நீங்களாக மாற்றாத வரை பெரும்பாலான போன்கள் 12 மெகாபிக்சல் அளவில்தான் படத்தைச் சேமிக்கின்றன.

வீடியோ அப்படி இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் 1080பி தரத்தில் ஒரு நிமிஷத்துக்கு உத்தேசமாக 130 எம்பி ஆகும். ஒரு மணி நேரம் 8 ஜிபி. அதையே 4கே தரத்தில் எடுத்தால் நிமிஷத்துக்கு 350 எம்பிக்கு மேல். ஒரு மணி நேரம் 21 ஜிபி. ஐபோன் இன்னும் இறுக்கமாகச் சுருக்கும்: 1080பியில் நிமிஷத்துக்கு 60 எம்பி, 4கேயில் 170, வினாடிக்கு 60 ஃபிரேம் வைத்த 4கேயில் 400. ஆண்ட்ராய்டு கேமரா செட்டிங்ஸில் ஹெச்இவிசி என்றோ ஹெச்.265 என்றோ ஒரு தேர்வு இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். அதே தரத்துக்குக் கிட்டத்தட்ட பாதி இடம் போதும்.

இப்போது என் கொடைக்கு வருகிறேன். மூன்று மணி நேர வில்லு 1080பியில் 24 ஜிபி. 4கேயில் 60ஐத் தாண்டும். அக்கா மகன் ஒரு கொடை விடமாட்டான். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோவில் ரத வீதியில் மாடி பிடித்து நிற்பான், ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குக் காரையாறு போய்விடுவான். அவனுக்கு 512 ஜிபி வாங்கினாலும் ஒரு வருஷம் தாங்காது. அவனுக்குச் சொன்னது: 256 எடு, ஆனால் போனைக் கிட்டங்கி ஆக்காதே. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து வை.

வெளியே எடுக்க டைப்-சி பென்டிரைவ் போதும். போனில் நேராகச் சொருகலாம். ஆனால் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபியை எட்டும் ஒரே கோப்பு அதில் ஏறாது. அரை மணி நேர வீடியோவே அந்த அளவுக்கு வந்துவிடும். பாதி ஏறி நின்றுபோனால் பென்டிரைவ் கெட்டுவிட்டதாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். எக்ஸ்ஃபேட் முறைக்கு ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும். ஃபார்மேட் செய்யும்போது உள்ளே இருப்பது அழிந்துபோகும் என்பதால் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். முக்கியமானதை இன்னொரு ஹார்டு டிஸ்கிலும் வையுங்கள், ஒரே பென்டிரைவை நம்ப வேண்டாம்.

வீடியோ எடுக்காமல் இறக்கிப் பார்க்கிறவர்கள் வேறு ரகம். பாளையங்கோட்டையில் அறை எடுத்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் சித்தி மகள் வந்தாள். ஒரு மணி நேரப் பாடம் நடுத்தரத் தரத்தில் 300 எம்பி வரை வரும். 200 மணி நேரப் பாடத்தையும் இறக்கி வைத்துக்கொண்டால் 60 ஜிபி. பார்த்து முடித்ததை அழித்துக்கொண்டே வந்தால் எந்த நேரத்திலும் 10 ஜிபியைத் தாண்டாது. டெலிகிராம் குழுக்களில் வரும் பிடிஎஃப்கள் தனிக் கணக்கு. டெலிகிராம் செட்டிங்ஸில் 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்', 'ஸ்டோரேஜ் யூசேஜ்' போய், இறக்கியவை ஒரு வாரத்தில் தானாக நீங்கும்படி வைக்கலாம். குழுவிலோ சேனலிலோ அந்தக் கோப்பு இருக்கும் வரை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், எதுவும் தொலையாது. அவளுக்கு 128 போதும் என்றேன். மிச்சப் பணத்தில் நல்ல மேஜை விளக்கு வாங்கிக்கொண்டாள், அது போனைவிட உருப்படியான செலவு.

பெரிய கேம் விளையாடுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், 256.

மெமரி கார்டு போட்டுச் சமாளிக்கலாமா?

போனில் அதற்கு இடம் இருந்தால், ஓரளவு. ஐபோனில் என்றுமே கிடையாது. விலை கூடிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் எடுத்துவிட்டார்கள். இருக்கும் சிலவற்றில் இரண்டாவது சிம் போடும் இடமும் கார்டு போடும் இடமும் ஒன்றுதான். ஊருக்கு ஒரு சிம், வேலைக்கு ஒரு சிம் வைத்திருப்பவருக்கு அது உதவாது. படம், பாட்டு, வீடியோவுக்கு கார்டு சரி. ஆப்களை அதில் வைக்கலாம் என்று நம்பி 64 ஜிபி போன் வாங்காதீர்கள். கார்டை உள் மெமரியோடு சேர்க்கும் வசதி 2015இல் ஆண்ட்ராய்டு 6இலேயே வந்ததுதான், ஆனால் நிறைய கம்பெனிகள் அதைத் தங்கள் போன்களில் தருவதில்லை.

கார்டு விஷயத்தில் நான் கொடுத்த தட்சணை ஒன்று உண்டு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு தெருக்கடையில் 512 ஜிபி கார்டு 400 ரூபாய் என்றார்கள். போட்டதும் போனும் 512 என்றே காட்டியது. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை ஏற்றினேன். முதல் சில நூறு படங்கள் நன்றாகத் திறந்தன. அதற்குப் பிறகு எல்லாம் பாதி சாம்பல் நிறம். உள்ளே இருந்தது சின்ன சிப்; வெளியே பெரிய எண்ணைச் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றி வைத்திருந்தார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும், அதற்குப் பிறகு ஏற்றியவை ஒழுங்காக எழுதப்படாமலே போயிருக்கின்றன. கார்டு வாங்கினால் பில்லோடு வாங்குங்கள். வாங்கியதும் கம்ப்யூட்டரில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு படம் ஏற்றுங்கள்.

கூகுள் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு

கூகுள் ஃபோட்டோஸில் கணக்கில்லாமல் படம் ஏற்றிய காலம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது இலவசம் 15 ஜிபி. அதுவும் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து. ஆண்ட்ராய்டில் வாட்ஸாப் பேக்கப்பும் முன்பு இந்தக் கணக்கில் வராது. இப்போது அதுவும் வருகிறது. காசு கொடுத்து இடம் வாங்கலாம். மாதம் 130 ரூபாய்க்கு 100 ஜிபி என்று ஒரு திட்டம் இருக்கிறது, நாலு வருஷத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். சாதாரண ஆண்ட்ராய்டு போனில் 128க்கும் 256க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ஐபோனில் கதை வேறு: 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்தபோது 128 ஜிபி 79,900 ரூபாய், 256 ஜிபி 89,900. பத்தாயிரம் கூடுதல். அங்கே மாதச் சந்தா கட்டுவது சிலருக்கு மலிவாகவே இருக்கும். அடுத்த வருஷம் வந்த ஐபோன் 17 தொடக்கமே 256 என்பதால் புது மாடல் வாங்குகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

எங்கள் பக்கத்தில் இதில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா வைத்திருப்பவர் அந்த 24 ஜிபி வில்லுப்பாட்டை மேலே ஏற்ற 16 நாள் ஆகும், அதுவும் வேறு எதுவும் பார்க்காமல் இருந்தால். வீட்டில் ஃபைபர் இருந்தால் பரவாயில்லை. காரையாறு, மாஞ்சோலை என்று மலை ஏறிவிட்டால் சிக்னலை நம்பவே முடியாது. 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் வரை தண்ணீர் நின்றபோது கரண்டும் இல்லை, டவரும் இல்லை. மேலே ஏற்றிவிட்டு போனிலிருந்து அழித்த பத்திரப் படம் ஒன்று அப்போது எனக்குத் தேவைப்பட்டது. திறக்க முடியவில்லை. அதனால் கிளவுடை இன்னொரு பிரதியாக வையுங்கள். நிலப்பத்திரம், ஆதார், மருந்துச்சீட்டு போன்றவற்றின் படங்கள் போனிலும் இருக்கட்டும். எல்லாம் சேர்ந்து அரை ஜிபிகூட வராது.

கடையில் கேட்க வேண்டியவை

எண்ணை முடிவு செய்துகொண்டு வண்ணாரப்பேட்டைக்கோ டவுனுக்கோ கிளம்புங்கள். அங்கே முதல் குழப்பம் ராம். "அண்ணாச்சி, இது 16 ஜிபி, அடிச்சுக்க ஆளே கிடையாது" என்பார்கள். அட்டையில் 8+128 என்று இருந்தால் முதல் எண் ராம், அதாவது வேலை நடக்கும் மேஜை. இரண்டாவதுதான் நாம் இவ்வளவு நேரம் பேசிய அலமாரி. அவர் சொல்லும் 16இல் பாதி 8 பெரும்பாலும் 'வர்ச்சுவல் ராம்'. அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து மேஜை என்று சொல்கிற வேலை அது. 128இல் 8 போய்விடும், வேகம் நிஜ ராமுக்குப் பக்கத்தில்கூட வராது. வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம்.

அடுத்து, உள்ளே இருக்கும் மெமரி இஎம்எம்சியா யூஎஃப்எஸ்ஸா என்று கேளுங்கள். இஎம்எம்சி பழைய வகை, வினாடிக்கு 300 எம்பி அளவில் படிக்கும். யூஎஃப்எஸ் 2.2 சுமார் 1,000, யூஎஃப்எஸ் 3.1 சுமார் 2,000. விலை ஒட்டி வந்தால், மெதுவான 256ஐவிட வேகமான 128ஐ நான் எடுப்பேன். ஒரே மாடலிலும் இது மாறலாம்: 2023இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 போனில் 128 ஜிபி வகைக்கு யூஎஃப்எஸ் 3.1, 256 ஜிபி வகைக்கு 4.0. விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் போட்டிருக்கும், அங்கேயே நின்று பாருங்கள்.

கணக்குப் போட்டு 115ஐ ஒட்டி வந்தால் 256 எடுங்கள். உள் மெமரி போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, பின்னால் கூட்ட முடியாது. காசு கொடுக்கும் முன் அட்டையின் மேல் ஒட்டிய லேபிளிலும், பில்லிலும், போனை இயக்கி செட்டிங்ஸிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

வாட்ஸாப்பை ஏற்றிய கையோடு 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' பகுதியில் வீடியோவை மூன்று இடத்திலும் அணையுங்கள். கேமராவை 1080பியில் வையுங்கள், 4கே வேண்டிய நாளில் மாற்றிக்கொள்ளலாம். பழைய போனை அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். ஒரு வாரம் அலமாரியில் கிடக்கட்டும், படங்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்தபிறகு ரீசெட் செய்து கொடுக்கலாம்.

அம்மா போனில் ஆட்டோ டவுன்லோடை மொத்தமாக அணைத்துவிட்டேன். மறுநாள் காலையே, "ஏய்யா, ஆச்சி அனுப்புன பூவெல்லாம் மங்கலா இருக்கே" என்று கூப்பிட்டார். படத்துக்கு மட்டும் திரும்பத் திறந்துவிட்டேன்.